தலைப்பிள்ளைக்கு வீடும் மனசும்: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். அதனால் நெல்லைச் சீமையில் தலைப்பிள்ளை வரப்போகிறது என்றால் இரண்டு வீடுகள் தயாராக வேண்டும். பிள்ளை பிறந்து வளரப்போகிற தாய்வீடு ஒன்று, அப்புறம் தாயும் பிள்ளையும் திரும்பிப் போகிற புகுந்த வீடு. வாங்க வேண்டிய பொருள் அதிகம் இல்லை. யார் கூட இருப்பது, யார் சமைப்பது, ராத்திரி யார் எழுந்திருப்பது, எதற்கு யார் பேச்சைக் கேட்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பதுதான் பெரிய வேலை. அதைப் பேசாமல் விட்ட வீடுகளில் பிள்ளை பிறந்த பத்தாம் நாளே மனக்கசப்பு வந்து, அது அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும். பேறுகாலம் நெருங்கும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1. நாள் தள்ளியதும் பதிவு

உறுதியானதும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பதிந்துவிடுங்கள். 12 வாரத்துக்குள் பதிவது நல்லது. தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களும் பதிய வேண்டும், ஏனென்றால் அங்கே தருகிற கர்ப்பிணிப் பதிவு எண்ணை, அதாவது பிக்மி எண்ணை, பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இதுதான் வாசல். தகுதி உள்ளவர்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தவணை தவணையாக வரும். வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கட்டும், ஆதாரில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு முந்தின முகவரி, பிந்தின முகவரி என்று குழம்பிப் பணம் நிற்பது நிறைய வீட்டில் நடக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரையைக் காப்பி, டீ, பாலுடன் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறுடன் போடலாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பெண்ணின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 28-வது வாரத்தில் ஓர் ஊசியும், பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசியும் தேவைப்படும். முதல் பிரசவத்தில் இதை விட்டால் அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து.

குங்குமப்பூ நிறம் தராது. அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் வாங்குங்கள்.

2. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், எந்த வழி

ஐந்தாம் மாதத்துக்குள் இதை முடிவு செய்துவிட வேண்டும். பெண்ணைப் பார்த்துவரும் மருத்துவர் புகுந்த வீட்டுப் பக்கம் இருப்பார், பிரசவமோ தாய்வீட்டுப் பக்கம் நடக்கும். வளைகாப்பு முடிந்து ஒன்பதாம் மாதத்தில் புது டாக்டரிடம் போய் நின்றால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அதனால் ஆறாம் மாதத்திலேயே தாய்வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டி, பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அவர்கள் பார்வைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, இரட்டைப் பிள்ளை, குறுக்கே கிடக்கிற பிள்ளை என்று ஏதாவது இருந்தால் பக்கத்து ஊர் சிறு ஆஸ்பத்திரியை நம்பியிராமல், ரத்த வங்கியும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையும் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்த ஜில்லா முழுவதற்கும் கடைசி நம்பிக்கை. கடைசி நிமிடத்தில் அங்கே அனுப்பப்படுவதைவிட முதலிலேயே அங்கே பதிந்திருப்பது மேல். தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு அங்கேயே மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது.

அடுத்து மாதம். தேதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் விழுகிறது என்றால் மழையைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி பொங்கி நெல்லை ஜங்ஷன் தண்ணீருக்குள் நின்றது, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. ஆற்றங்கரை ஊர், குளத்துக்குக் கீழே உள்ள ஊர், ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் வெளியே வர முடியும் என்ற ஊர் என்றால், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பாளையங்கோட்டையிலோ, நீங்கள் போகப்போகிற ஆஸ்பத்திரிக்கு அருகிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிடுவது புத்திசாலித்தனம். சித்தி வீடோ பெரியம்மா வீடோ, முன்கூட்டியே கேட்டு வைத்தால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனி மாதம் என்றால் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதிகளில் வண்டி நகராது, சுற்றுப்பாதை தெரிந்திருக்கட்டும்.

வண்டிக்கு 108. அது வரும் வரை காத்திருக்க முடியாத நேரத்துக்கு, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருகிற ஒரு கார்க்காரரின் எண்ணும் வேண்டும். அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஒருவர் போனில் மட்டும் இருக்கக் கூடாது. பெண்ணின் ரத்த வகையைச் சேர்ந்த இரண்டு பேரைச் சொந்தத்திலோ நட்பிலோ பார்த்து, தேவைப்பட்டால் வருவீர்களா என்று கேட்டு வையுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆனவர்களை வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம்.

3. அறையும் தொட்டிலும்

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்பக்கத் தார்சாவில் ஆட்கள் வந்து போவார்கள், பட்டாசல் கூடத்தில் டிவி ஓடும், கடைசியில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒதுக்குவது ஜன்னல் இல்லாத உள்ளறை. அது வேண்டாம். காற்றும் வெளிச்சமும் உள்ள அறையைத் தாய்க்குக் கொடுங்கள். கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். தையல் போட்ட உடம்போடு ராத்திரியில் முற்றம் தாண்டிப் போவது பெரிய கொடுமை. வழியில் ஒரு விளக்கு போடுங்கள், வழுக்குகிற தரைக்கு ஒரு சாக்கு விரிப்பு, கழிப்பறையில் பிடித்து எழும்ப ஒரு கம்பி. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், அதற்கான நாற்காலி மருந்துக்கடையிலோ சர்ஜிக்கல் கடையிலோ கிடைக்கும்.

வெள்ளை அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம் என்றால் எட்டாம் மாதத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அந்த நெடி போக வேண்டும். பெண்ணை அந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

பீடி சுற்றுகிற வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எத்தனையோ வீடுகளில் சோறு போடுவது பீடித் தட்டுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் புகையிலைத் தூள் வயிற்றுப்பிள்ளைக்கும் ஆகாது, பச்சைப்பிள்ளைக்கும் ஆகாது. தட்டும் தூளும் தார்சாவுக்கோ வெளித் திண்ணைக்கோ போகட்டும். பிள்ளை கிடக்கிற அறையில் அதைப் பிரிக்கவே கூடாது. சுற்றியவர்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, மேல்துணி மாற்றிப் பிள்ளையைத் தூக்குங்கள். கர்ப்பிணிக்கு வார வேலை கணக்கில் குறைந்தால் குறையட்டும், மற்றவர்கள் கொஞ்சம் கூடச் சுற்றிக் கொடுங்கள். பீடி, சிகரெட் குடிக்கிற ஆண்கள், வெளியே போய்க் குடித்தாலும் சட்டையில் புகை ஒட்டியிருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிலுக்கு ஆச்சியின் பழைய நூல் சேலைக்கு மிஞ்சியது இல்லை. பாலியஸ்டர் வேண்டாம். கொக்கி உத்தரத்திலோ கான்கிரீட்டிலோ சரியாக இறங்கியிருக்கிறதா என்று ஒரு பெரிய ஆள் தொங்கிப் பார்த்துச் சோதியுங்கள். துணியை விரித்துப் பிடிக்கிற தொட்டில் கம்பு கட்டாயம் வேண்டும். கம்பு இல்லாத தொட்டிலில் பச்சைப்பிள்ளையின் தாடை நெஞ்சோடு மடங்கி மூச்சு திணறலாம். அதனால் யாராவது கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் தொட்டில். ராத்திரித் தூக்கத்துக்குத் தரையில் ஒரு பத்தமடைப் பாயோ கோரைப்பாயோ விரித்து, மேலே வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கடுகுத் தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தலை உருண்டையாக வர எதுவும் செய்ய வேண்டியதில்லை, தானாக வரும்.

கொசுவலை கட்டாயம், பகலிலும். டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஃபேன் போடலாம், முகத்துக்கு நேரே மட்டும் இருக்க வேண்டாம். அந்த வெயிலில் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுப் பிள்ளையை வேக வைக்காதீர்கள். ஒரு மெல்லிய நூல் சட்டை போதும்.

4. பை

35-வது வாரத்தில் கட்டி வாசல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன்கள், ரத்த வகை ரிப்போர்ட், ஆதார் மற்றும் பாஸ்புக் நகல்கள். துணிப்பையில் முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பெரிய அளவு பேடு, செருப்பு, டம்ளர், தட்டு, ஃபிளாஸ்க், போன் சார்ஜர், சில்லறை. பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்த துணி பத்துப் பதினைந்து, ஒரு குல்லாய், ஒரு பாலாடை. பிறக்குமுன் பிள்ளைக்குப் புதுசு வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். பழைய துணிதான் பச்சை உடம்புக்கு மெத்தென்று இருக்கும், புதுசை மாமாவோ சித்தியோ பிறந்த பிறகு வாங்கி வரட்டும்.

5. மனசு: பேச வேண்டிய பேச்சு

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற அந்த வாரத்தில், அவளும் மாப்பிள்ளையும் தனியாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எதற்குப் பயமாக இருக்கிறது என்று இருவரும் சொல்ல வேண்டும். வலியை நினைத்தா, ஆபரேஷனை நினைத்தா, பிள்ளையை வளர்க்கத் தெரியுமா என்பதை நினைத்தா? முன்னால் ஒரு கரு கலைந்திருந்தால் அந்தத் துக்கம் இப்போதும் உள்ளே இருக்கும். சந்தோஷமான நேரத்தில் அதைப் பேசக் கூடாது என்று வாயை அடைக்காதீர்கள்.

ஆணா பெண்ணா என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளையின் பொறுப்பு. "வயிறு கூர்மையா இருக்கு, பையன்தான்" என்று வந்தவர்கள் சொல்வதைச் சிரித்துக்கொண்டு கேட்கிற பெண், ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு கிடப்பாள். எந்தப் பிள்ளை என்றாலும் எனக்குச் சந்தோஷம் என்று புருஷன் அவளிடம் சொன்னால் மட்டும் போதாது, தன் அம்மா முன்னால் சொல்ல வேண்டும்.

வளைகுடாவிலோ சென்னையிலோ வேலை பார்க்கிற அப்பாக்கள் பேறுகாலத் தேதியை ஒட்டி நான்கு நாள் லீவு போட்டு வருவது வழக்கம். பிள்ளை அந்தத் தேதியில்தான் பிறக்கும் என்று நிச்சயமில்லை. இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகலாம். லீவு குறைவு என்றால், பிறந்த பிறகு வரும் முதல் இரண்டு வாரத்துக்கு அதை ஒதுக்குங்கள். பிரசவத்தன்று கூட இருக்க ஆள் நிறைய இருப்பார்கள், பதினோராம் நாள் ராத்திரி மூன்று மணிக்குத்தான் ஆள் இருக்காது. மாமியார் வீட்டில் தங்கக் கூச்சப்படாதீர்கள் அத்தான்மாரே. அது உங்கள் பிள்ளை.

அடுத்து இரண்டு அம்மாக்கள். பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருமுறையாவது நேரில் உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எத்தனை மாதம் தாய்வீட்டில் இருப்பது, பெயர் யார் வைப்பது, காதுகுத்து எங்கே, செலவு யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் பிள்ளை வருமுன் பேசுங்கள். அப்புறம், மருந்து விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் கடைசி என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு ஒப்பந்தம் இருந்தால் அந்தப் பெண் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள மாட்டாள்.

ஆடிப்பூரத் திருவிழாவில் காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடத்துகிற ஊர் இது. பிள்ளைத்தாய்ச்சியை அம்மனாக நினைக்கிற அந்த மரியாதை, பிள்ளை பிறந்த பிறகும் அவள் மேல் இருக்க வேண்டும். பிறந்ததும் எல்லார் கண்ணும் பிள்ளை மேல் போய்விடுகிறது. பார்க்க வருகிறவர்கள் தாயிடம் முதலில் "நீ சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்கட்டும். "பால் பத்தலையோ" என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

6. வலி கண்டால்

28 வாரத்துக்கு மேல் பிள்ளையின் அசைவைத் தினமும் கவனியுங்கள். சாப்பிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரிய வேண்டும். குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி. விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, ரத்தம் படுவது, மேல்வயிற்று வலி, இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

கடைசி மாதத்தில் சூட்டு வலி வந்து வந்து போகும். சீரகத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்தால் அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது, நெருங்கி நெருங்கி வரும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்புங்கள். களக்காடு, பாபநாசம் போல ஆஸ்பத்திரிக்குத் தூரமான இடம் என்றால் அதற்கும் முன்பே. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதைப் போனதும் சொல்லுங்கள்.

7. பிறந்த மணி நேரமும் அடுத்த 40 நாளும்

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாயின் நெஞ்சில் பிள்ளையைப் போட்டுப் பால் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் என்றாலும் தாய்க்கு நினைவு இருந்தால் முடியும், கேளுங்கள். மஞ்சளாகக் கெட்டியாக வருகிற சீம்பால் கொஞ்சம்தான் இருக்கும், பிள்ளைக்கு அது போதும்.

இங்கேதான் சேனை தொடுகிற வழக்கம் வரும், அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலில் எதையாவது தொட்டு வைப்பது. சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று வீட்டுக்கு வீடு ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு வயதுக்கு முன்னால் தேன் விஷமாகவே மாறலாம், அதிலுள்ள கிருமி பிள்ளையின் நரம்பைத் தாக்கும். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் முதலில் தொட்டு வைக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. கையை நன்றாகக் கழுவிவிட்டு, அந்தத் தாயின் சீம்பாலையே ஒரு துளி அவர் வைக்கட்டும். எந்த மதத்து வீடானாலும் பெரியவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தால்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால். பால் போதுமா என்று தெரிய ஆளைக் கேட்க வேண்டாம், துணியைப் பாருங்கள். முதலில் காட்டுப்பீ கறுப்பாகப் போகும், நாலைந்து நாளில் மஞ்சளாகும். ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு துணியாவது மூத்திரத்தில் நனைந்தால் பால் போதும். முதல் வாரத்தில் பிள்ளை கொஞ்சம் எடை குறைவது இயல்பு, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும்.

தண்ணீர் ஊற்ற வருகிற ஆச்சியின் கை பழகிய கை. காலை நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி அவர் ஊற்றுகிற விதத்தைப் பார்த்துப் பெண்ணும் பழகிக்கொள்ளட்டும். ஆனால் சிலவற்றை வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்: காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் ஊதுவது, மார்பைப் பிதுக்குவது, கண்ணுக்குள் மை, முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை. தொப்புள்கொடியில் எதுவும் வைக்காமல் காயவிட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும். வசம்பைக் கையில் கட்டும்போது பிள்ளை வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரைத்துப் புகட்ட வேண்டாம்.

தாயின் சாப்பாட்டில் நம் பக்கத்துப் பக்குவம் பெரும்பாலும் நல்லது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும், பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுக்குக் காப்பி எல்லாம் கொடுக்கலாம். பால்சுறாப் புட்டு பால் சுரக்க வைக்கும் என்பார்கள். சுறாவில் பாதரசம் அதிகம் சேருகிறது, அதனால் அதற்குப் பதில் சாளை, நெத்திலி கொடுங்கள். "தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்" என்று தண்ணீரைக் குறைப்பது மட்டும் கெடுதல். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், எடுக்கிற அளவு குடிக்கட்டும்.

உடனே ஓட வேண்டியவை: பிள்ளை பால் குடிக்க மறுத்தல், உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுடுதல் அல்லது சில்லிட்டுப்போதல், மூச்சு இழுத்து வாங்குதல், வலிப்பு, மஞ்சள் நிறம் முதல் நாளே தெரிதல் அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்குதல். மஞ்சளுக்கு வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதாக நனைந்தால் 108. காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தல், இவற்றையும் விடக் கூடாது.

மனசையும் இதே கணக்கில் பாருங்கள். மூன்றாம் நாள் பக்கம் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தெளியும். அதற்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமை, செத்துப்போகலாம் என்ற பேச்சு இருந்தால் அது நோய். காத்து கருப்பு என்று மந்திரிக்க ஆசைப்பட்டால் மந்திரியுங்கள், ஆனால் டாக்டரிடம் அன்றே போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளையை ஏதோ செய்யப் போகிறேன் என்கிறாள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

8. காகிதமும் ஊசியும்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவது இலவசம். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே பதிவார்கள், ஆனால் அப்பா அம்மா பெயரின் எழுத்தை அங்கேயே சரிபாருங்கள். பிள்ளையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், ஆகவே நெல்லையப்பனா மாடசாமியா என்ற வாக்குவாதத்துக்கு நேரம் இருக்கிறது.

பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி ஊசி, போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. அடுத்தது ஆறு வாரத்தில். தீட்டு கழியவில்லை, நாள் நல்லாயில்லை என்று தள்ளிப் போடாமல் அந்த வாரமே கொண்டுபோங்கள். ஊசி போட்ட அன்று லேசாகக் காயும், தொடை வீங்கும், எவ்வளவு மருந்து கொடுப்பது என்று நர்சம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் தாயின் தையல், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த பிள்ளைக்கு எத்தனை வருடம் இடைவெளி, அதற்கு என்ன முறை என்பதையும் அவளே கேட்கட்டும்.